மூணாவது சத்தம்

மறுபடியும் மூக்குலதான் பட்டுது. ஆனா இது கணக்குல சேராது, வேர்வை கண்ணுக்குள்ள எறங்கி எரிஞ்சுக்கிட்டு இருந்த நேரம், கண்ணு எரியறப்ப எவனுக்கு எது தெரியும், அதனால இது செல்லாதுன்னு தேசிங்கு தனக்குள்ளயே தீர்ப்பு சொல்லிட்டு மூக்கைத் தடவிப் பாத்துக்கிட்டாரு. ரத்தம் இல்ல. இதுக்கு முந்தின வாட்டி நெத்தியில பட்டுது, அதுவும் செல்லாது, வெளிய மீன் வண்டிக்காரன் ஹாரன் அடிச்சு கவனத்தைக் கெடுத்துட்டான். அதுக்கும் முந்தினது செருப்பு வழுக்குனது. செருப்பைக் கழட்டிப் போட்டாச்சு. இப்ப வெறுங்கால், கையில துணிப்பட்டி சுத்தி, தலைக்கு மேல பலகை, பலகைக்குக் கீழ தலைகீழா தொங்குற சுரைக்கா மாதிரி ஒரு தோல் பை, அதுக்குப் பேரு ஸ்பீட் பேக். பந்தயம் இதுதான்: இந்தப் பையை ஒரே ஒரு தடவை, நிறுத்தாம, தப்பாம, சுவத்துல ஓடற கடியாரத்துல பெரிய முள்ளு ஒரு கோடு தாண்டற வரைக்கும் ஓட்டிட்டா சாயந்தரம் மேடை ஏறலாம், மேடை ஜோடி அமலதாஸ்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். ஓட்ட முடியலன்னா சொல்லிடணும். வேற ஆளைப் பாத்துக்கோடா, என்னால முடியலன்னு. பந்தயம் கட்டுனதும் தேசிங்கு, எதுத்து நிக்கிறதும் தேசிங்கு, நடுவரும் அவரேதான், அதனாலதான் காலையிலேர்ந்து ஒவ்வொரு வாட்டியும் ஏதோ ஒண்ணு செல்லாம போய்க்கிட்டே இருக்கு. இனிமே அடிக்கறதுதான் நெசக் கணக்கு. சரி. இனிமே. கைய தூக்குனாரு, வலது கை தூக்குன உசரத்துலேயே லேசா நடுங்கிச்சு, பஸ் சீட்டுல வெச்ச டீ கிளாஸ் மாதிரி, உடனே கைய எறக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு யாராவது பாத்தாங்களான்னு சுத்திப் பாத்தாரு.

யாரும் பாக்கல. ராயபுரத்துல ஒரு காலத்துல ஐஸ் கம்பெனியா இருந்த ஷெட்டு இது, இப்ப பாக்ஸிங் பழகற எடம், இன்னமும் சுவரு சில்லுன்னு இருக்கும், மழை பேஞ்சா தரையிலேர்ந்து பழைய மீன் வாடை எழும்பும். நடுவுல கயிறு கட்டுன மேடை, மூலையில ரெண்டு பொண்ணுங்க ஸ்கிப்பிங் ஆடுதுங்க, கயிறு தரையில சப்பு சப்புன்னு படுது, அந்த சப்பு சப்பு தேசிங்கு நாக்குக்கு அடியில தானா வந்து உக்காந்துக்கிச்சு. இது அவரோட கைய மீறின சமாச்சாரம். எந்தச் சத்தம் காதுல விழுந்தாலும் வாய் அதை வாங்கி வெச்சுக்கும். முப்பது வருஷமா அப்படித்தான். குக்கர் விசில், தண்ணி வராத குழாய் காத்து விடற சத்தம், மழையில ஸ்டார்ட் ஆவாத ஷேர் ஆட்டோ, மேல் வீட்டு அம்மா போன்ல அழுவறது, கீழ் வீட்டுக்காரரு காறித் துப்பறது. 'பலகுரல் தேசிங்கு'ன்னு நோட்டீஸ்ல போடுவாங்க, ஆனா குரலைவிட சத்தத்துலதான் அவரு பேரு வாங்குனது. இந்த ஷெட்டுக்கு வந்த மொத நாளு, கோச்சு புளோரா அந்தப் பையை அடிச்சுக் காட்டுனா. முப்பத்தஞ்சு வயசுப் பொம்பள, ஒரு காலத்துல ஸ்டேட்டுக்கு ஆடுனவ, அவ கல்யாண ரிசப்ஷனுக்கு தேசிங்கும் அமலதாஸும்தான் ப்ரோகிராம் பண்ணாங்க. கை சுத்தறதே தெரியல, பை கண்ணுக்கே தெரியல, சத்தம் மட்டும் டகடட டகடட டகடடன்னு ஷெட்டு பூரா ஓடுச்சு. அவ நிறுத்தறதுக்குள்ள தேசிங்கு வாயில அது ஏறிடுச்சு. அவ கைய எறக்குன பிறகும் சத்தம் வந்துக்கிட்டே இருக்க, அந்தப் பொண்ணுங்க கயிறை விட்டுட்டு பை ஆடுதான்னு பாத்து, அப்புறம் இவரு வாயைப் பாத்து, கை தட்டிச் சிரிச்சுதுங்க. "ணா, நீ அடிக்கவே வேணாம், வாயாலயே ஓட்டிட்டுப் போயிடு"ன்னா புளோரா. எல்லாரும் சிரிச்சாங்க. தேசிங்கும் சிரிச்சாரு, சிரிச்சதா நெனச்சாரு. அப்பவே எதுத்த சுவத்துக் கண்ணாடியைப் பாத்திருக்கணும், பாக்கல.

அந்த வாய்தான் இப்ப எமன். எப்படி அடிக்கணும்னு தெரியாம இல்ல, புளோரா பிச்சுப் பிச்சு சொல்லிக் குடுத்துட்டா. குத்தக் கூடாது. சுண்டு விரல் பக்கத்தால தட்டணும், கதவைத் தட்டற மாதிரி, தட்டுன கை சின்னதா ஒரு வட்டம் போட்டு அதே எடத்துக்கு வரணும், முழங்கை கீழ தொங்கக் கூடாது, தோளு கல்லா இருக்கக் கூடாது. தட்டுனா பை பின்னாடி போயி பலகையில ஒண்ணு, முன்னாடி வந்து ஒண்ணு, மறுபடி பின்னாடி போயி ஒண்ணு. மூணாவது சத்தம் கேட்ட பிறகு பை உன்கிட்ட வரும், அப்ப தட்டு. "ரெண்டுல தட்டுனா மூஞ்சியில வாங்குவ"ன்னா. புது ஆளுங்கறதால பையில காத்தைக்கூட கொஞ்சம் எறக்கி விட்டிருக்கா, மெதுவாத்தான் வரும், பள்ளிக்கூடம் போவப் புடிக்காத புள்ள மாதிரி. ஆனா தேசிங்கு தட்டுன உடனே வாய் கெளம்பிடும். டகடட. அவ அடிச்ச வேகத்துல கேட்ட டகடட. பை இன்னும் ரெண்டாவது அடியில இருக்கும், வாய் மூணைச் சொல்லி முடிச்சிருக்கும், கை வாய்க்குக் கட்டுப்பட்டுப் போயி நிக்கும், அங்க பை இருக்காது, கை காத்தை தடவிட்டு எறங்கறப்ப பை வரும், மூக்குல. ஒருத்தன் சத்தத்தை அச்சா எடுத்துட்டா அந்த வேலையையே எடுத்துட்டதா நெனச்சுக்கறது, இந்தத் தப்பை ஊர்ல வேற எவன் பண்ணுவான்? தட்டு. டகடட. மூக்கு. செல்லாது, இது பழைய மூக்கு வலி.

பெல்லு. நெனக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தாரு, வந்துடுச்சு. போன ஞாயித்துக்கெழமை அம்பத்தூர்ல, ஒரு குடியிருப்போர் சங்க ஆண்டு விழா. அமலதாஸும் அவரும் இருபது வருஷமா ஓட்டற ஐட்டம், ஊருக்கே மனப்பாடம்: அமலதாஸ் வாடகை வீடு தேடி வர்ற ஆளு, மத்த எல்லாமே தேசிங்கு. வீடு, கதவு, நாயி, மோட்டாரு, வீட்டுக்காரம்மா. அமலதாஸ் மேடையில ஒண்ணுமில்லாத எடத்துல வெரலை வெச்சு அழுத்துவாரு, தேசிங்கு வாயிலேர்ந்து டிங்டாங் வரும். வெரல் அழுத்தற அதே நொடி. முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. ஜனங்க ஒரு பெல்லு சத்தத்துக்கா கை தட்டுறாங்க, அந்த நொடிக்குத்தான். அன்னிக்கு அமலதாஸ் வெரலை அழுத்துனாரு. பெல்லு அடிக்கல. தேசிங்கு பாத்துக்கிட்டே நிக்கிறாரு, வெரலு தெரியுது, நகம் தெரியுது, அடின்னு உள்ள ஒருத்தன் கத்தறான், வாய் வேற யாரோடதோ மாதிரி சும்மா இருக்கு. அமலதாஸ் வெரலை எடுத்த பிறகு டிங்டாங். ஜனம் குலுங்கிக் குலுங்கி சிரிச்சுது, ஐட்டம்னு நெனச்சுது. அமலதாஸ் ஒரு இமைப்புல புடிச்சுக்கிட்டாரு, "கரண்ட் கம்மியா இருக்கு போல"ன்னாரு, இன்னும் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு அந்த ஐட்டத்துக்கு இதுவரைக்கும் வந்ததே இல்ல. திரும்பி வர்றப்ப வேன்ல அமலதாஸ் ஜன்னல் சீட்டை இவருக்கு விட்டுக் குடுத்தாரு. இருபது வருஷம். அந்த சீட்டுக்கு ரெண்டு பேரும் புள்ளைங்க மாதிரி அடிச்சுக்குவாங்க, ஒருத்தன் பைய போட்டு வெப்பான், ஒருத்தன் பைய தூக்கி எறிவான். அன்னிக்கு, "நீ உக்காருடா, காத்து வரும்"னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கல. என்னடா ஆச்சுன்னு கேட்டிருந்தா சண்டை போட்டிருக்கலாம். காத்து வரும்னு சொல்லிட்டான், படுபாவி. அந்தக் காத்துதான் இன்னும் மூஞ்சியில அடிச்சுக்கிட்டே இருக்கு.

அமலதாஸுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேரு பார்க்கின்சன். டாக்டர் சொல்லி மாசம் ரெண்டாவுது. வீட்ல பொண்டாட்டி வசுமதிக்கும் தெரியாது. மாத்திரையை சளி மாத்திரைன்னு சொல்லி வெச்சிருக்காரு. இங்க வர்றதுக்குக்கூட தொப்பையைக் குறைக்கன்னுதான் பேரு. "அம்பத்தி ரெண்டு வயசுல யாரை அடிக்கப் போற? மொதல்ல அந்தக் கொசுவ அடி"ன்னா வசுமதி, அது நல்ல ஜோக்கு, சரியான எடத்துல விழுந்துது, அவளுக்கு எப்பவுமே டைமிங் உண்டு. அவருதான் அப்பச் சிரிக்க லேட்டாயிட்டாரு. அவ பாத்தா. "என்ன, கோவமா? மூஞ்சிய அப்படி வெச்சிருக்க?" மூஞ்சிய எப்படியும் வெக்கல, அது அப்படித்தான் இப்பல்லாம் இருக்கு. ஆஸ்பத்திரியில பிசியோ பண்ற பொண்ணு இந்த வியாதிக்காரங்க நெறைய பேரு பாக்ஸிங் பழகறாங்க சார், கை காலு ஒத்துழைக்க நல்லதுன்னு சொல்லுச்சு. நல்லதுதான். பழகற எல்லாரும் மேடையில பெல்லு அடிக்கற வேலையா பாக்கறாங்க? தட்டு. பின்ன ஒண்ணு, முன்ன ஒண்ணு. வாய் முந்திடுச்சு. நெத்தி. செல்லாது. ஏன் செல்லாது? ஏன்னா வசுமதி நெனப்பு வந்துடுச்சு. மறுபடி. அமலதாஸுக்கு இப்ப யாரு கெடைப்பா, திருவொற்றியூர்ல ஒரு பையன் இருக்கான், யூட்யூப்ல நாப்பது குரல் பண்றான், சத்தம் ஒண்ணும் வராது அவனுக்கு, நாயி குலைச்சா ஆடு மாதிரி இருக்கும், ஆனா கை நடுங்காது, வெரல் வெச்ச நொடி பெல்லு அடிச்சுடுவான். தட்டு. தப்பு. அந்தப் பையனோட அமலதாஸ் வேன்ல ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கறது கண்ணு முன்னாடி வந்துது. தேசிங்கு ஓங்கி ஒரு குத்து விட்டாரு, பை பலகையில தாறுமாறா மோதி கிறுக்கு புடிச்ச மாதிரி சுத்துச்சு.

"அத்த கொன்னுடாதணா, எண்ணூர்லேர்ந்து வாங்கியாந்தேன்." புளோரா வந்து ஒரே கையால பையை நிறுத்துனா. "சாயந்தரம் ப்ரோகிராம்னு சொன்ன, காலையிலேர்ந்து இதாண்ட சண்டை போட்டுனு கீற. இன்னா அவசரம்?" "ஒண்ணுமில்லம்மா. ஒரு ஐட்டத்துக்காக." "ஐட்டத்துக்கு வாய் போதுமே." "நெசமா அடிச்சு கத்துக்கணும்." புளோரா அவரையே பாத்தா. அந்தப் பார்வை புடிக்கல அவருக்கு, அவ பாக்கறது மூஞ்சிய இல்ல, வலது கைய. அவ பாக்கறவதானே, எந்தக் கை தூங்குதுன்னு பாத்து அங்கதான் குத்தணும்னு பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவ. கேட்டா என்ன சொல்லலாம்? தூங்கறப்ப கை மேல படுத்துட்டேன். மோட்டார் போடறப்ப ஷாக் அடிச்சுது. ஷாக்கு நல்லா இருக்கு, ஷாக்கே சொல்லலாம். அவ பக்கெட்டுலேர்ந்து ஒரு சொம்பு தண்ணி மொண்டாந்து நீட்டுனா. "குடி." குடிக்கப் போனாரு. "முழுங்காத. வாயிலேயே வெச்சுக்கோ. வாய் சும்மா இருந்தாத்தான் உனுக்கு காது தொறக்கும். கண்ணால பாக்காத, கேளு. முழுங்குனா தோத்த, துப்புனாலும் தோத்த. வாய கட்டு ணா, உன் புண்ணியத்துக்கு." ஸ்கிப்பிங் ஆடற பொண்ணுல ஒண்ணு, "அக்கா, அப்படியே எங்க வாத்தியாருக்கும் ஒரு சொம்பு"ன்னுச்சு. "நீ ஆடுடி"ன்னா புளோரா.

வாய் நெறைய தண்ணி. தேசிங்கு நாக்கு முப்பது வருஷத்துல இப்படி ஒரு ஜெயிலைப் பாத்ததில்ல. டகடட உள்ளேயே முட்டுது, தண்ணி அலையுது, வெளிய வர வழியில்ல. தட்டுனாரு. கண்ணை மூடிக்கிட்டாரு, பாத்தா கை முந்தும்னு பயம். டக். இது தூரத்துல. டக். இது கிட்ட. நாக்கு துடிச்சுது, மூணைச் சொல்லு, சொல்லு, நீ சொல்லு, சொல்ல முடியல, தண்ணி, அப்புறம் டக்னு அதுவே சொல்லிடுச்சு. பலகையே சொல்லிடுச்சு. கை போச்சு. அங்க பை இருந்துது. நம்ப முடியல, கை வட்டம் போட்டு வந்து நின்னுது, டக், டக், இரு, இரு, டக், தட்டு. இருந்துது. இவ்வளவு நாளா இந்த மூணாவது சத்தம் எங்கடா இருந்தேன்னு கேக்கத் தோணுச்சு, அது அங்கதான் இருந்திருக்கு, இவருதான் அதுக்கு முன்னாடியே அதைச் சொல்லிச் சொல்லி அடக்கி வெச்சிருந்திருக்காரு. இப்ப வலது கை. பயம். ரெண்டு தட்டு இடது, ரெண்டு தட்டு வலதுன்னு அவ சொன்னது. வலது போச்சு, லேசா இழுத்துக்கிட்டேதான் போச்சு, ஆனா சத்தம் அதைக் கையப் புடிச்சு கூட்டிக்கிட்டுப் போன மாதிரி இருந்துது, ரோடு தாண்டறப்ப யாரோ புடிச்சுக்கற மாதிரி, அங்க பை இருந்துது. உள்ளேர்ந்து அடின்னு கத்தற ஆளு வாயை மூடிட்டான். வெளியிலேர்ந்து வருது, வெளியிலேர்ந்து வந்தா கை கேக்குது. டக் டக் டக் தட்டு. ஷெட்டு பூரா ஓடுது. ஸ்கிப்பிங் கயிறு நின்னுபோன மாதிரி இருந்துது, பாக்குதுங்க போல, பாக்கட்டும், சாயந்தரம் ஏறிடலாம், ஏறிடலாம்டா, எவன்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம், பெல்லு அடிப்பேன், அமலதாஸ் வெரல் வெச்ச நொடி, அந்த நொடியே. கடியாரத்தைப் பாக்கலாம்னு கண்ணைத் தொறந்தாரு. கடியாரத்துக்குக் கீழ கண்ணாடி.

கண்ணாடியில ஒரு ஆளு பை அடிக்கறான். நல்லா அடிக்கறான். கை ரெண்டும் சந்தோஷமா சுத்துது, மூஞ்சி மட்டும் ரேஷன் கார்டுல ஒட்டுன மூஞ்சி. ஜெயிச்ச மூஞ்சியும் இல்ல, தோத்த மூஞ்சியும் இல்ல. உள்ள தேசிங்கு குதிச்சுக்கிட்டு இருக்காரு, அங்க ஒருத்தரும் குதிக்கல. சிரின்னாரு. சிரிச்சாரு. கண்ணாடியில ஒண்ணும் நடக்கல. வலது பக்கம் வாயோரத்துல தண்ணி ஒழுவுது. தாடையில எறங்கி, கழுத்துல எறங்கி, பனியன்ல ஒரு கை அகலத்துக்கு நனைஞ்சிருக்கு, எப்பலேர்ந்து ஒழுவுதுன்னு தெரியல, தோலுக்குத் தெரியவே இல்ல. எத்தனை மூஞ்சி பண்ணியிருக்காரு அந்த மூஞ்சியில, மாமியாரு, போலீஸ்காரரு, ஆடு, பல்லு வலிக்காரன். இப்ப ஒருத்தனும் உள்ள இல்ல, எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. ஆனா கை நிக்கல. அதுதான் கொடுமை, கை பாட்டுக்கு ஓடுது, டக் டக் டக் தட்டு, பெரிய முள்ளு கோடு தாண்டுது, தாண்டிடுச்சு, பந்தயம் ஜெயிச்சாச்சு. தேசிங்கு கைய எறக்குனாரு. மிச்சத் தண்ணிய முழுங்குனாரு, தொண்டையில சிக்கி இருமல் வந்துது.

"போய்க்கினு தானே இருந்துச்சு, ஏன் நிறுத்துன?"ன்னா புளோரா. துண்டை எடுத்து அவரு வலது தோள் மேல போட்டா, கழுத்தைப் பாக்காம. "கெலிச்ச ணா." கெலிச்சாரு. அதான் இப்ப பெரிய சங்கடம். காலையிலேர்ந்து தோத்ததை எல்லாம் செல்லாதுன்னு தள்ளுன நடுவரு இப்ப இதைத் தள்ள முடியாம முழிக்கறாரு. தண்ணி ஒழுவிடுச்சு, துப்புனாலும் தோத்தன்னு சொன்னாளே, அப்ப இது செல்லாது. துப்பல, ஒழுவுச்சு. அது வேற. அவளே கெலிச்சன்னு சொல்லிட்டா. அப்ப ஏறிடலாமா? ஏறி, அமலதாஸ் வெரல் வைப்பாரு. வெரல். தேசிங்கு துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டு அந்த இருட்டுல அந்த வெரலைப் பாத்தாரு. அதுல சத்தமே இல்ல. வெரலுக்கு ஏது சத்தம்? பலகை அடிச்சுது, கை போச்சு. அமலதாஸ் வெறும் காத்துல வெரல் வெக்கறாரு, கண்ணாலதான் பாக்கணும், பாத்தா உள்ள இருக்கறவன் கத்துவான், வாய் கேக்காது. அமலதாஸ் செருப்பால தரையில ஒரு தட்டு தட்டிட்டு வெரல் வெச்சா வரும். ஒரு இருமல் இருமுனாக்கூட வரும். வரும், வரும்னு தோணுது, எத்தனை மாசத்துக்கு, எத்தனை வருஷத்துக்குன்னு தெரியாது, மூஞ்சிக்கு என்ன பண்றதுன்னும் தெரியாது. ஆனா தட்டுடான்னு சொல்லணும்னா ஏன்னும் சொல்லணும். ஜெயிச்சாலும் சொல்லணும், தோத்தாலும் சொல்லணும், அப்ப எதுக்குடா மூக்கை உடைச்சுக்கிட்ட? துண்டுக்குள்ள அவருக்கு அழுகையா சிரிப்பான்னு தெரியல, வெளியில எதுவும் தெரிஞ்சிருக்காது.

பெஞ்சுல உக்காந்து போனைப் போட்டாரு. "சொல்றா"ன்னாரு அமலதாஸ். பின்னாடி பஜ்ஜி வேகற சத்தம். "ஒண்ணு சொல்லணும்டா"ன்னாரு தேசிங்கு. "என்னது? கேக்கல." "ஒண்ணு சொல்லணும்." "டேய், பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி பேசற, சத்தமா பேசுறா." சத்தமாத்தான் பேசறேன், இதான் என் சத்தம் இப்பன்னு சொல்ல வாயெடுத்தா அதுவும் அதே அளவுலதான் வரும். சொந்தக் குரல் ஒரு மொழத்துக்கு மேல போவாது. தேசிங்கு ஒரு மூச்சு இழுத்தாரு. அப்புறம் எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியல, மூக்கடைச்ச, நிதானமான, பெரிய குரல் ஒண்ணு ஷெட்டே திரும்பிப் பாக்கற மாதிரி வந்துது: "மிஸ்டர் தேசிங்கு. உக்காருங்க. உக்காந்துட்டீங்களா? குட். துணைக்கு யாரும் வரலையா? குட் குட்." அமலதாஸ் சிரிச்சுட்டாரு. "யாருடா இது புதுசா? டாக்டரா? பிரமாதம், அந்த மூக்கு இருக்கு பாரு, விடு விடு, இன்னும் கொஞ்சம் விடு." விட்டாரு. "இது ஆளைக் கொல்ற வியாதி இல்ல மிஸ்டர் தேசிங்கு. பார்க்கின்சன்னு சொல்லுவோம். மெதுவாத்தான் வரும். முதல்ல கை. அப்புறம் குரல் கொஞ்சம். முகம் கொஞ்சம். பயப்படாதீங்க. பை த வே..." அந்த எடத்துல டாக்டர் பேப்பரைத் திருப்புன சத்தம்கூட வந்துது, அச்சு அசலா. "என்ன வேலை பாக்கறீங்க?"

சிரிப்பு சரியான எடத்துல வந்துது. வந்து, பாதியில நின்னுது. பஜ்ஜி மட்டும் வெந்துக்கிட்டு இருந்துது. அமலதாஸ் மூச்சு விடறது கேட்டுது, ஒரு நாற்காலி நகர்ந்தது கேட்டுது. அப்புறம், மேடையில எப்பவும் கேக்கற அதே தொனியில, ஆனா ஓரமெல்லாம் உதிர்ந்து போயி, "டாக்டர் சார், அதுக்கு அந்த ஆளு என்ன சொன்னாரு?"ன்னு கேட்டாரு அமலதாஸ்.

பதில் வர நேரமாச்சு. அமலதாஸ் நடுவுல எதையும் போட்டு நெரப்பல. "ரெண்டு பேரா பண்ற வேலை சார்னு சொன்னேன்டா"ன்னாரு தேசிங்கு, சொந்தக் குரல்ல, சின்னதா.

"கேட்டுச்சு"ன்னாரு அமலதாஸ்.